கூனிமேட்டுக்குப் போன ஒற்றைக் கம்பு

பிரபாகரன் வீட்டு வாசலில் ஓர் ஊஞ்சல் இருந்தது. இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே ஒரு கம்பைக் குறுக்கே வைத்துக் கயிற்றால் இறுக்கி, அதில் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாலு வயது முடிந்து ஐந்து நடக்கும் தமிழ்நிலா பகல் முழுக்க அதில்தான் கிடப்பாள். வழியில் போகிறவர்களுக்கு அது ஊஞ்சல். கடற்கரைச் சாலையில் கால்பந்து பார்க்கிற எவனைக் கேட்டாலும் அது கோப்பை என்பான்.

முதன்முதலில் மரக்காணம் உப்பளத்து ஆட்களும் கூனிமேட்டு ஆட்களும் காணும் பொங்கல் அன்றைக்கு மோதியபோது கோப்பை வாங்க யாரிடமும் வழியில்லை. ஜெயித்த ஊர் எதையாவது தூக்கிக்கொண்டு போக வேண்டுமே. அன்றைக்கு நட்ட கோல் போஸ்ட்டையே பிடுங்கிக்கொண்டு போனார்களாம். அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது மைதானத்தில் இரும்பு போஸ்ட் வந்துவிட்டது. ஆனாலும் தோற்ற அணியின் கேப்டன் அந்த மூன்று கம்புகளையும் தோளில் சுமந்து, ஜெயித்த அணியின் கேப்டன் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தவன் அந்த வீட்டில் ஒரு வாய் ஏதாவது குடிக்காமல் திரும்பக் கூடாது. உளுத்துப்போன கம்பை மாற்றியிருக்கிறார்கள், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிப் பூசிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள், வழக்கத்தை மட்டும் மாற்றவில்லை.

நான் திண்டிவனத்துக்காரன். இந்தச் சாலை நெடுக எங்கே பந்து உருண்டாலும் பைக்கை எடுத்துக்கொண்டு போய் போனில் லைவ் போடுகிறவன். மரக்காணத்தில் ஆட்டம் என்றால் எனக்குச் சாப்பாடு பிரபாகரன் வீட்டில்தான். அதனால்தான் அந்தக் கம்புகளில் இன்னொரு சங்கதியும் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

பிரபாகரனின் மனைவி ஷாலினி கூனிமேட்டுக் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பாவுக்கு இரண்டு படகு. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு காணும் பொங்கல் ஆட்டத்தில் பார்த்து, பழகி, வீட்டில் கேட்டு, கிடையாது என்று சொன்னதும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறி வந்துவிட்டாள். கடல்காரர் வீட்டுப் பெண் அளத்தில் உப்பு வாரப் போவதா என்று குப்பத்தில் பெரிய ரகளை. அன்றைக்கு முறிந்த பேச்சுதான். அண்ணன் கௌதமன் பெரிய ரோஷக்காரன். அவன்தான் கூனிமேடு அணியின் கோல்கீப்பர், கேப்டனும் அவனே.

ஆனால் கம்புக்கு ரோஷம் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் உப்பளம் ஜெயித்தது. கௌதமன் மூன்று கம்பையும் சுமந்துகொண்டு தங்கை வீட்டு வாசலுக்கு வந்தான். யாரும் அழைக்கவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வழக்கம், அவ்வளவுதான். ஷாலினி சுக்குக் காப்பி கொடுத்தாள். நின்றபடியே குடித்தான். இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தான். "சூடு பத்தல" என்றான். டம்ளரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்த மூன்று சொல்லையும், சரியாகச் சொன்னால் இரண்டு சொல்லையும், ஷாலினி என்னிடம் மட்டும் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள்.

அடுத்த இரண்டு வருஷமும் ஆட்டம் சமனில் முடிந்தது. சமன் என்றால் கம்பு இருக்கிற இடத்திலேயே இருக்கும். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற வேலை இல்லை. தமிழ்நிலாவுக்கு மூன்று வயதில் காது குத்தியிருக்க வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவது. மாமன் இருக்கிறான், மடி இருக்கிறது, வரத்தான் ஆளில்லை. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பதால் நாலில் விட்டார்கள். இப்போது ஐந்து. இந்தத் தை மாசத்தைத்தான் ஷாலினி மனசில் குறித்து வைத்திருந்தாள். ஒரு குமிழ்த் தோடு ஜோடியை வாங்கி, மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, அரிசி டப்பாவுக்குள் புதைத்திருந்தாள்.

"யாரு ஜெயிச்சாலும் சரிதான் தம்பி" என்பாள் என்னிடம். "நாங்க ஜெயிச்சா அண்ணன் இங்க வரும். அவங்க ஜெயிச்சா இவரு அங்க போவாரு, நானும் பின்னாலயே போயிடுவேன். இந்தச் சமன்தான் ஆவாது. சமனுக்கு மட்டும் லைவ் போடாத நீ."

அப்போதுதான் லீக்கைப் பிரித்தார்கள்.

பதினாலு அணிகள் ஆடுகிற லீக், காணும் பொங்கல் ஆட்டமும் அதில் ஒன்று. பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து நாலு அணிகள் புதிதாகச் சேர வந்தன. ஜெர்சி எடுத்துக் கொடுக்க, விளக்குப் போட்ட மைதானம் தர ஆள் வந்தார்கள். பதினெட்டு அணிகளும் ஒன்றோடொன்று மோத நாள் போதாது என்று, சாலை நடுவில் இருக்கும் டோல்கேட்டை வைத்து ஒரு கோடு போட்டார்கள். டோல்கேட்டுக்கு வடக்கே ஒன்பது அணிகள், தெற்கே ஒன்பது அணிகள். வடக்கு வடக்கோடு ஆடும், தெற்கு தெற்கோடு ஆடும். மாசியில் ஆரம்பம். மரக்காணம் வடக்கு. கூனிமேடு தெற்கு. பதிவு செய்த அணிகள் லீக்குக்கு வெளியே ஆட்டம் வைத்தால் மூன்று புள்ளி வெட்டு.

உண்மையைச் சொல்கிறேன், அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், புது அணிகள், புள்ளிப் பட்டியல் இரண்டு. இரண்டு பட்டியலையும் அன்றைக்கே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எந்த ஆட்டம் காணாமல் போயிருக்கிறது என்று பட்டியல் சொல்லாது, இருப்பதைத்தான் சொல்லும்.

ஒரே ஒரு சந்து விட்டிருந்தார்கள். ஒவ்வொரு அணியும் எதிர்ப் பிரிவிலிருந்து ஓர் அணியின் பெயரைத் தாளில் எழுதி, மூடிய கவரில் கொடுக்கலாம். இரண்டு அணியும் ஒன்றையொன்று எழுதியிருந்தால் அந்த ஆட்டம் வருஷா வருஷம் நிரந்தரம், மாசிக்குக் காத்திராமல் பழைய நாளிலேயே வைத்துக்கொள்ளலாம். எழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் குலுக்கல். ஞாயிற்றுக்கிழமை கவர் பிரிப்பு.

மார்கழி மாசம் அளத்தில் உப்பு இருக்காது, சேறுதான் இருக்கும். கார்த்திகைப் புயலில் அளம் மொத்தமும் ஒரு வாரம் கடலாகக் கிடந்தது. வரப்பெல்லாம் கரைந்து, பாத்தியில் முழங்கால் வண்டல். அதை வழித்துக் கொட்டி, வரப்பைக் கட்டி, பாத்தி அடியை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கினால்தான் மாசியில் உப்பு வெள்ளையாக இறங்கும். மிதிப்பு லேசான வேலை இல்லை. வரிசையாக நின்று, ஒரு அடிக்கு மேல் அடுத்த அடி படுகிற மாதிரி, குதிகாலை அழுத்திப் பின்னாலேயே நகர வேண்டும். ஒரு இடம் விட்டுப்போனால் அங்கே மண் இளகி, உப்பு கறுத்துவிடும். உப்பளத்து அணியில் ஆடுகிற எல்லாருக்கும் அந்தக் கால்கள்தான். அவர்களிடமிருந்து பந்தைப் பறிப்பது மரத்திடமிருந்து பறிப்பது மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது பிரபாகரன் மிதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் தனகோடி அக்கா. ஐம்பது வயது, மிதிப்பில் ஆண்களுக்கு முன்னால் போகிறவள், வாயில் எல்லாருக்கும் முன்னால் போகிறவள்.

"லைவ்காரன் வந்துட்டான்டா, மூஞ்சிய கழுவுங்க" என்றாள். "ஏம்பா, எங்க மிதிப்பெல்லாம் லைவ் போட மாட்டியா? இதுலயும் கோல் இருக்குது, சாயங்காலம் கூலின்னு."

"போடறேன் அக்கா. எத்தனை பேர் பாப்பாங்கன்னுதான் தெரியல."

"எம் புருசன் பாப்பான். நான் வேல செய்யறனா இல்லையான்னு."

நான் வரப்பில் உட்கார்ந்தேன். பிரபாகரன் என்னைப் பார்க்காமலே கேட்டான். "கூனிமேட்டுக்காரனுங்க யார எழுதப் போறாங்கன்னு ஏதாவது தெரியுமாடா?"

"நைனா பாய் கடையில பரோட்டா சாப்பிட்டேன்ணா நேத்து. அவருதானே அவங்க செயலாளர். கேட்டுப் பாத்தேன். 'கவர் மூடியாச்சு தம்பி, இனி அல்லாதான் பிரிக்கணும்'னுட்டாரு."

"கௌதமன் இருந்தானா?"

"இருந்தாரு. எதுவும் பேசல. எந் தட்டுல இருந்த சால்னாவையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

பிரபாகரன் நாலு அடி பின்னால் நகர்ந்தான். "அவன் எழுத மாட்டான்."

"ஏன் எழுத மாட்டான்?" தனகோடி அக்கா நடுவில் புகுந்தாள். "ஒன்ன கண்டா அவனுக்கு ஆவாதுன்னாலும் ஒன்ன தோக்கடிக்கணும்னு இருக்காதா? அதுக்காவது எழுதுவான்."

"இல்லக்கா. எழுதினா எறங்கி வந்த மாதிரி ஆயிடும். அவன் எறங்க மாட்டான்."

"அப்ப நீ எறங்கேன். அவன் தங்கச்சியத்தான கூட்டியாந்த, தாஜ்மகாலவா தூக்கியாந்த?"

"நான் எழுதி, அவன் எழுதலைன்னா?"

அக்கா நின்றுவிட்டாள். வரிசையும் நின்றது. "ஏன்டா, கவர் பிரிக்கும்போது ஊரே சிரிக்கும்னு பயமா? இங்க பாரு, விட்டுட்ட. அந்த எடத்த மிதிக்காம தாண்டிட்ட. வா பின்னாடி."

பிரபாகரன் குனிந்து பார்த்தான். ஒரு சாண் இடம் இளகலாகவே கிடந்தது. திரும்பி வந்து அதன் மேல் குதிகாலை வைத்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் அணியின் கூட்டம். சாலையோரத் தகரக் கொட்டகையில் உப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசினார்கள். செயலாளர் தங்கராசு லாரி லோடு கணக்கு எழுதுகிறவர். புள்ளி என்றால் அவருக்கு உயிர்.

"கடைசி ரெண்டு டீம் வெளிய போவும், ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். "நமக்கு எட்டு மேட்ச்தான் வடக்குல. பெருமுக்கல்காரன், திண்டிவனத்துக்காரன்லாம் நல்ல டீமு. இந்த ஒம்போதாவது மேட்சுல மூணு பாயிண்ட் கண்டிப்பா வேணும். கீழ்புத்துப்பட்டு புது டீமு, சின்னப் பசங்க. அவங்களும் நம்மளத்தான் எழுதறாங்களாம், அவங்க செயலாளரே போன் பண்ணிக் கேட்டாரு. முடிஞ்சுது வேல. கூனிமேட்ட எதுக்குக் கட்டி அழுவணும்? ரெண்டு வருசமா சமன். ஒரு பாயிண்ட வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"கம்பு?" என்று யாரோ கேட்டார்கள்.

"கம்பு நம்மகிட்டதான இருக்குது. மேட்ச் இல்லைன்னா கம்பு நமக்கே. ஒரு வகையில நாமதான் நிரந்தர சாம்பியன்."

சிரித்தார்கள். ஆனால் பழைய ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. காணும் பொங்கலுக்குக் கூனிமேட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது, கீழ்புத்துப்பட்டை ஜெயித்தால் யார் வீட்டில் போய்ச் சொல்வது என்று முருகையன் என்கிற வயதான கோச் கேட்டார். பேச்சு நீண்டது. கை தூக்கச் சொன்னார்கள். ஏழு பேர் கூனிமேடு. ஏழு பேர் கீழ்புத்துப்பட்டு. பதினைந்தாவது கை கேப்டனுடையது.

பிரபாகரன் மூட்டையிலிருந்து எழுந்தான். வாயைத் திறந்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தன், கோபமாக இல்லை, கேலியாகத்தான், "கேப்டனுக்கு என்னாப்பா, மாமியார் வூட்டு மேட்சு, வுட மாட்டாரு" என்றான். கொட்டகையே அதிர்ந்தது. தங்கராசுகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிரபாகரன் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

"கீழ்புத்துப்பட்டே எழுதுங்க" என்றான். "எனக்கு ஊருதான் முக்கியம்."

அவ்வளவுதான். கவர் ஒட்டப்பட்டது. வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது என்னிடம், "வூட்ல இப்ப எதுவும் சொல்லாதடா" என்றான். "அவன் எப்படியும் எழுதியிருக்க மாட்டான். எப்படியும் இந்த மேட்ச் கிடையாது. நான் எத எழுதினா என்னா?"

நானும் அதை நம்பினேன். நம்புவதற்கு வசதியான கணக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை பெருமுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் கவர் பிரித்தார்கள். மலை நிழல் மண்டபத்து முற்றம் வரைக்கும் விழுந்திருந்தது. நான் மேடைக்கு முன்னாலேயே நின்று லைவ் போட்டேன். எழுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் கையில் அதுவரை வந்ததே இல்லை அந்த எண். அந்தச் சந்தோஷத்தில் யார் யார் பார்க்கிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

முதலில் தெற்கு அணிகளின் கவர். நடத்துகிறவர் ஒவ்வொன்றாகப் படித்தார். நாலாவது கவர்.

"கூனிமேடு கேட்கும் அணி, மரக்காணம் உப்பளம்."

கைதட்டினார்கள். பிரபாகரன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான். எதிர் வரிசையில் கௌதமன் கைகட்டி உட்கார்ந்திருந்தான். திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த நைனா பாய் பார்த்தார், நல்லாச் சிரித்தார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் வடக்கு. இரண்டாவதே எங்கள் கவர்.

"மரக்காணம் உப்பளம் கேட்கும் அணி, கீழ்புத்துப்பட்டு."

நைனா பாயின் கட்டை விரல் அப்படியே காற்றில் நின்றது. கௌதமன் எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கள் நாற்காலியைக் கடந்து வாசலுக்குப் போனான். போகிறபோது ஒரு வார்த்தை சொன்னான்.

"பரவால்ல கேப்டன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மச்சான் என்று சொல்லக் கூடாது, பேரும் சொல்ல முடியாது, கேப்டன் என்பதுதான் நடுவில் கிடைத்த சொல்.

வீட்டுக்கு வந்தபோது ஷாலினி வாசலில் நின்றிருந்தாள். கையில் போன். அதில் என் லைவ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நான் அணைக்க மறந்திருந்தேன். போனில் எங்கள் மூஞ்சி தெரியாமல் பைக்கின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏழுக்கு ஏழாமே" என்றாள். "தனகோடி அக்கா சொல்லிடுச்சு."

"ஷாலினி, கேளு…"

"எங்க அண்ணன் எழுதியிருக்குது. ஊரே பாக்க எழுதியிருக்குது. ஆறு வருசமா பேசாத ஆளு, பேனாவ எடுத்து எழுதியிருக்குது. நீ எழுதல."

அவள் அவனை 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவன் எழுத மாட்டான்னு நெனச்சேன்."

"அவன் எழுதுவானா மாட்டானான்னா ஒன்ன கேட்டாங்க? நீ எழுதுவியான்னுதான கேட்டாங்க."

பிரபாகரன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் சிரிச்சானுங்க. மாமியார் வூட்டு மேட்சுன்னு."

"ஆமா, மாமியார் வூட்டு மேட்சுதான். அதுல என்னா சிரிப்பு? எனக்கு வேற எந்த பஸ்சு போவுது அந்த ஊருக்கு? டவுன் பஸ்சு போவுது, ஏறி நான் போயிடலாம். போயி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கதவத் தட்டுறது? இந்தக் கம்புதான் தட்டும். நீ அதத் தூக்கி ஊஞ்சல் கட்டுன. நானும் சேலை குடுத்தேன்."

அடுப்பில் கருவாட்டுக் குழம்பு பிடித்துப்போகிற வாசனை வந்தது. யாரும் போய் இறக்கவில்லை. கடைசியில் நான்தான் இறக்கினேன். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை, தமிழ்நிலாவைத் தவிர. அவள் மட்டும் முள்ளை எடுக்கச் சொல்லிச் சொல்லி என் கையால் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணி இருக்கும். பிரபாகரன் அளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். குலுக்கலில் யாருக்கு யார் விழுந்தார்கள் என்ற பட்டியலைத் தங்கராசிடம் வாங்கிக்கொண்டு நானும் அங்கே வந்திருந்தேன். பனி விலகாத தெருவில் ஒரு பைக் வந்து நின்றது. கௌதமன். தனியாக வந்திருந்தான். கையில் ஒரு கடப்பாரை.

ஷாலினி உள்ளேயிருந்து வந்து, அவனைப் பார்த்ததும் வாசப்படியிலேயே நின்றாள்.

கௌதமன் அவளைப் பார்க்கவில்லை. பிரபாகரனிடம் பேசினான். "கேப்டன், ஆட்டம் இல்லைன்னு ஆயிடுச்சு. கம்பு ரெண்டு ஊருக்கும் பொது. எங்க பாகத்த எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துக்க" என்றான் பிரபாகரன். "மூணையும் எடுத்துக்க. தப்பு என்னுது."

"மூணு எதுக்கு? நான் ஜெயிக்கலையே. பாகம்தான் கேக்கறேன்."

மூன்று கம்பை இரண்டாக எப்படிப் பிரிப்பது? நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஊஞ்சலில் தமிழ்நிலா. கடப்பாரையோடு வந்த ஆளை அவள் ஒரு கணம் அளந்து பார்த்தாள்.

"தள்ளி வுடு" என்றாள்.

கௌதமனுக்குப் புரியவில்லை.

"ஊஞ்சல தள்ளி வுடச் சொல்றா" என்றாள் ஷாலினி. "யாரு வந்தாலும் அதான் கேப்பா."

அவன் கடப்பாரையைக் கீழே வைத்தான். ஒரு தடவை தள்ளினான். மெதுவாக. "இன்னும்" என்றாள். இன்னொரு தடவை. அவள் முன்னால் வரும்போது முடி விலகி, குத்தாத காது தெரிந்தது. பின்னால் போகும்போது மறைந்தது. மறுபடி தெரிந்தது. கோல்கீப்பரின் கண் அது, வருகிற எதையும் விடாது. அவன் தள்ளுவதை நிறுத்திவிட்டான்.

"அஞ்சு ஆவுதில்ல?" என்றான். யாரைக் கேட்டான் என்று சொல்ல முடியாது.

"தை வந்தா அஞ்சு முடியப் போவுது" என்றாள் ஷாலினி. "அப்புறம் ஏழுலதான்."

அவன் ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினான். குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி ஷாலினியிடம் நீட்டினான். வாங்கும்போது இரண்டு பேர் கையும் பட்டது. சேலையை அவிழ்த்து மடித்துத் திண்டு மாதிரி வைத்தான். குறுக்குக் கம்பின் கயிற்றை அறுக்காமல், முடிச்சு முடிச்சாகப் பிரித்தான். கடல்காரன் கயிற்றை அறுக்க மாட்டான். ஒரு நேர்க்கம்பின் அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பிப் பிடுங்கித் தோளில் வைத்தான். ஒன்றே ஒன்று. குறுக்குக் கம்பைக் கீழே கிடத்திவிட்டான், மற்ற நேர்க்கம்பு நின்ற இடத்திலேயே நின்றது. ஊஞ்சல் போன கோபத்தில் தமிழ்நிலா கத்த ஆரம்பித்தாள்.

"அந்த ஒத்தக் கம்ப வச்சிக்கிட்டு என்னா பண்ணுவ?" ஷாலினி கேட்டாள். ஆறு வருஷத்தில் அண்ணனை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க மட்டும் ரெண்டு கம்ப வச்சிக்கிட்டு என்னா பண்ணுவீங்க?"

"குடிக்காம போகக் கூடாது. வழக்கம்."

"அது கொண்டாந்து வைக்கறவனுக்கு. நான் எடுத்துட்டுப் போறேன்."

பைக்கில் நீளவாட்டில் கம்பை வைத்துக் கட்டினான். நான்தான் பிடித்துக்கொண்டேன். கிளம்பும்போது திரும்பி, "காணும் பொங்கலுக்கு மிச்ச ரெண்டையும் கொண்டாந்து வைக்கறவன் குடிச்சிட்டுப் போகலாம், கேப்டன். மேட்ச்லாம் கெடையாது. மூணு பாயிண்ட் வெட்டுவாங்களாமே" என்றான்.

வண்டி போன பிறகும் பிரபாகரன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிக்காத" என்றாள் ஷாலினி. "வேலைக்குப் போ. பதினேழு நாள் இருக்குது."

காணும் பொங்கல் காலையில் உப்பு ஏற்றுகிற குட்டி யானை வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் இரண்டு கம்பு. கம்புக்குப் புதிதாக முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசியிருந்தான் பிரபாகரன், அது பட்டுக் கை தோலெல்லாம் பொரிந்திருந்தது. ஷாலினி அரிசி டப்பாவைக் கவிழ்த்து மாத்திரை டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மூட்டைக்குப் பதிலாகத் தங்கராசு வந்து ஏறி உட்கார்ந்தார். நீங்க எங்க வர்றீங்க என்று கேட்டதற்கு, "மேட்ச் நடந்துதா நடக்கலையான்னு செயலாளர்தானப்பா சாட்சி சொல்லணும்" என்றார். தனகோடி அக்கா கேட்காமலே ஏறினாள். டோல்கேட்டைத் தாண்டும்போது, "தோ, தெற்குப் பிரிவு வந்துடுச்சு, செருப்ப கழட்டுங்கடா" என்றாள்.

"லைவ் போடட்டாண்ணா?" என்று கேட்டேன்.

"ஆட்டமே இல்லையேடா, எதப் போடுவ?"

போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கூனிமேட்டுக் கடற்கரையில் வண்டி நின்றது. படகுகளுக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் மணல்மேட்டில், வழக்கமாக ஆட்டம் நடக்கிற இடத்தில், கௌதமனின் ஒற்றைக் கம்பு நிமிர்ந்து நின்றது. அதிலிருந்து எட்டு அடி தள்ளி, புதிதாக ஒரு குழி. ஈர மணல் பக்கத்தில் குவிந்திருந்தது. கோலுக்கு எட்டு அடி பத்தாது. ஊஞ்சலுக்கு அளவெடுத்திருந்தார்கள்.

குழிக்குப் பக்கத்தில் கோரைப்பாய் விரித்து, காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வை வழிய நைனா பாய் ஒரு பெரிய கேனில் சுக்குக் காப்பியோடு வந்துகொண்டிருந்தார். கௌதமன் ஜெர்சி போட்டிருக்கவில்லை. மடிப்புக் கலையாத புது வேட்டி கட்டியிருந்தான். சற்றுத் தள்ளிப் படகு நிழலில் ஷாலினியின் அப்பா வலையைத் தைக்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தார். ஊசி ஒரே கண்ணியில் போய்ப் போய் வந்தது.

பிரபாகரன் இரண்டு கம்பையும் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினான். நேர்க்கம்பைக் குழிக்குள் இறக்கினான். சுற்றி மணலைத் தள்ளி, அளத்தில் மிதிக்கிற மாதிரி, ஒரு அடி மேல் அடுத்த அடி வைத்து, குதிகாலை அழுத்தி அழுத்தி மிதித்தான். ஒரு இடமும் விடவில்லை.

கௌதமன் கம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. பாயில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்து, வேட்டியை மடியில் இழுத்துச் சரி செய்துகொண்டான். தமிழ்நிலா அவனையும் மணலில் கிடந்த குறுக்குக் கம்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மொதல்ல ஊஞ்சல் கட்டு" என்றாள். "அப்புறம்தான் உக்காருவேன்."

"ஏம்பா கேப்டன்" என்றான் கௌதமன், "அந்தச் சேலையை எடுத்தாந்தியா?"

பிரபாகரன் வண்டியைப் பார்த்தான். ஷாலினி ஏற்கெனவே அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மணலில் கால் புதையப் புதைய, ஓடி வந்துகொண்டிருந்தாள்.